மூன்றாவது மருந்து

நாய்க்கு வாஃபிள் என்று பெயர் வைத்தவர்களை என்னதான் செய்வது என்று யோசித்தபடி பூங்கோதை அந்தப் பிராணி மருத்துவமனையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை ஏறிய மஞ்சள் ரப்பர் உறை, பாத்திரம் கழுவுகிறவர்கள் போடுவது. முகத்தில் மாஸ்க். ஒரு கையில் நாயின் கயிறு. கயிற்றின் மறுமுனையில் வாஃபிள், தேன் நிறத்தில் ரோமம் வழிய, வாயைப் பிளந்துகொண்டு, உலகத்தில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்ற முகத்தோடு படுத்துக் கிடந்தது. உண்மையிலேயே அதற்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் விஷயமே. ஆஸ்பத்திரியில் கிடந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவள் அவள்; டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வரப்பட்டிருப்பது நாய். உள்ளே நுழைந்தபோது மேசைக்குப் பின்னாலிருந்த பெண் கணினியைப் பார்த்து, "வாஃபிள் தரணிதரன் யாருங்க?" என்று கூப்பிட்டாள். பூங்கோதைக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கியதும் மாஸ்க்குக்குள் உதட்டைச் சுழித்தாள். அப்பாவின் பெயர் அவளுக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்க, நாய்க்குத் தம்பியின் முழுப்பெயர். வாஃபிள் தரணிதரன். நாளைக்கு ரேஷன் கார்டிலும் ஏற்றிவிடுவார்கள். "நான்தான் கூட்டிட்டு வந்திருக்கறேன்" என்று சொன்னாள், அந்தப் பெயரை வாயால் சொல்லாமல். "உக்காருங்க, டாக்டர் ஒரு பூனைக்குத் தையல் போடறாங்க." பூனைக்குத் தையல். கோயமுத்தூரில் பூனைக்குத் தையல் போடுகிற காலம் வந்துவிட்டது, மனிதர்களுக்கு மருந்து கேட்காத காலமும் கூடவே வந்துவிட்டது.

அவள் சார்பு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவள். வாழ்நாளில் பாதியை, பொய் சொல்கிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, அவர்கள் சொன்ன பொய்யை ஒரு எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்வதிலேயே கழித்தவள். சாட்சி எந்த இடத்தில் எச்சில் விழுங்குவான், எந்த இடத்தில் தாயாரின் மேல் சத்தியம் செய்வான் என்பதெல்லாம் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், முகத்தில் காட்டாமல், உள்ளுக்குள் இகழ்ந்துகொண்டே இருப்பது அந்த வேலையில் அவளுக்குச் சேர்ந்த சேமிப்பு. கல்யாணம் செய்துகொள்ளாததற்குக்கூட அதுதான் காரணமோ என்னவோ. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவளுக்குச் சாட்சிகளாகத்தான் தெரிந்தார்கள். இன்று காலையில் தம்பி தரணி காப்பி டம்ளரோடு வந்து நின்றபோதும் அப்படித்தான், அவன் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா, நீ வீட்லதான இருக்கற. வாஃபிள டாக்டர்கிட்ட கொஞ்சம் காட்டிட்டு வந்துர்றயா? இந்துவுக்கு மீட்டிங் இருக்குது. எனக்கு டெலிவரி." டெலிவரி என்றால் அவனுக்குப் பிரசவம் இல்லை, கம்ப்யூட்டரில் எதையோ அமெரிக்காக்காரனுக்கு அனுப்புவது. வீட்லதான இருக்கற. நடந்தால் முழங்கால் நடுங்குகிறவள், மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறவள், வீட்டில்தான் இருப்பாள், வேறெங்கே இருப்பாள். எந்த நாயிடமிருந்து அவளுக்கு நோய் தொற்றியதோ அந்த நாயையே அவள் கையில் பிடித்துக் கொடுத்து, உறையும் மாஸ்க்கும் மறக்காமல் எடுத்து வைத்திருந்தான் தம்பி. பொறுப்பானவன்.

நாய் ஓநாயின் வம்சம் என்று அவனுக்கு யாரோ வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து தொடங்கியது எல்லாம். "ஓநாய் என்ன குக்கர் வெச்சாக்கா சாப்பிடுது?" என்று கேட்டான், ஏதோ பெரிய வாதத்தை வைத்துவிட்டவனைப் போல. மிக்ஸி சத்தம் கேட்டால் சோபாவுக்கு அடியில் போய்ப் பதுங்குகிற ஓநாய். ஏசி போடாவிட்டால் முனகுகிற ஓநாய். அதற்குப் பச்சைக் கோழிக்கழுத்து, பச்சை ஈரல், பச்சை இரைப்பை, எல்லாம் டப்பா டப்பாவாக ஃப்ரிட்ஜில், அவளுடைய தயிர்க் கிண்ணத்துக்கு நேர் மேல் தட்டில். ஒரு நாள் தயிரின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு. அவள் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். இந்துஜா, தம்பி மனைவி, எட்டிப் பார்த்துவிட்டு, "பீட்ரூட்டா இருக்கும் அண்ணி" என்றாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் பீட்ரூட்டே இல்லை. எச்சில் விழுங்காமல் சொன்னாள், அதுதான் ஆச்சரியம், நல்ல சாட்சி. நாயின் தட்டு அதே தொட்டியில், அதே பஞ்சால் கழுவப்படும். கழுவின கையோடு இந்துஜா நாயின் வாயைப் பிடித்து, "அம்மாவுக்கு முத்தம் குடு தங்கம்" என்பாள். அது முகம் முழுக்க நக்கும். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. தரணிக்கும் ஒன்றும் வரவில்லை. அதை நினைக்க நினைக்கத்தான் பூங்கோதைக்கு ஆறவில்லை. முத்தம் வாங்கினவர்களை விட்டுவிட்டு, மூன்றடி தள்ளி நடந்தவளைத்தான் அந்தக் கிருமி பிடித்தது. கிருமிக்கும் ஆள் பார்த்துத்தான் வரத் தெரிகிறது.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் பெருமூச்சோடு வந்து உட்கார்ந்தார். பெருத்த உடம்பு, மடியில் நசுங்கிய மூஞ்சிக் குட்டைநாய் ஒன்று. இரண்டும் ஒரே சுருதியில் மூச்சு விட்டன. அவளுடைய கையுறையைப் பார்த்தார், வாஃபிளைப் பார்த்தார். "என்னங்க, கடிக்குமா?"

"கடிக்காது. வயித்துல கிருமி."

"லூஸ் மோஷனுங்களா? அதுக்கா இவ்வளவு தூரம் வந்து காத்துக் கிடக்கறீங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், ரகசியம் சொல்கிறவரைப் போல. "மருந்துக் கடையில சொன்னாலே தர்றானுங்க. ரெண்டு வேளை தயிர்ல பொடிச்சுப் போட்டா நின்னுரும். நின்னவுடனே நிறுத்திரோணும், மருந்து ஒடம்புக்கு ஆகாது பாருங்க. மீதிய எடுத்து வெச்சுக்கலாம், அடுத்த தடவைக்கு ஆகும். எனக்குக் காச்சல் வந்தாலும் அதையேதான் போட்டுக்கறேன். மனுசனுக்கும் நாய்க்கும் ஒரே மாத்திரைதானுங்க, அட்டைதான் வேற."

நின்னுரும். தரணியும் இதையேதான் சொல்வான். நின்னுருச்சுக்கா, நின்னுருச்சு. போரில் ஜெயித்துவந்தவனைப் போலச் சொல்வான். அந்த நாய்க்கு வயிறு கெட்டபோதெல்லாம் தெருமுனைக் கடையில் மாத்திரை, இரண்டு வேளை, பிறகு மீதி அட்டை டிவி மேசை இழுப்பறையில். மறுபடி வயிறு கெடும்; ஏன் கெடாது, வாரம் முழுக்கப் பச்சைக் கோழி தின்றால். மறுபடி மாத்திரை. மருந்தைத் தாங்கிப் பிழைக்கக் கிருமிக்கு அவன் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இந்தப் பெருத்த மனிதரும் அதே பள்ளிக்கூடம் நடத்துகிறார், காய்ச்சல் வந்தால் தானே மாணவராகவும் சேர்ந்துகொள்கிறார். சொல்லித் திருந்தின சாட்சியைப் பூங்கோதை பார்த்ததே இல்லை. தலையை ஆட்டினாள். அவர் திருப்தியாகக் குட்டைநாயின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

எல்லாருக்கும் நல்லது. நேற்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அப்படித்தான் சொன்னார்கள், அவள் அறைக்கதவு சாத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு. "அக்கா கொஞ்ச நாளைக்குச் சூலூர்ல சித்தி வீட்டுல போய் இருந்தா எல்லாருக்கும் நல்லதுதானே" என்று தரணி. "அண்ணிக்கும் சேஃப்" என்று இந்துஜா. எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு. தரணி, இந்துஜா, வாஃபிள். அவள் போய்விட்டால் மிச்சம் இருப்பது அந்த மூன்று பேர், அவர்கள்தான் எல்லாரும். சித்தி வீட்டில் கூடத்துக் கட்டில், நாள் முழுக்க டிவி சத்தம், சித்தியின் மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற விதம், டம்ளர் தரையில் படும் அந்த ஓசை. ஒருநாளும் அவள் போகமாட்டாள். அப்பா கட்டின வீட்டில் அவளுக்கும் பாதி உண்டு, அதை எடுத்துச் சொல்லும்படி ஆனால் அது வேறு கேவலம். நாயா அவளா என்று வந்தால் நாய்தான் போகவேண்டும். ராத்திரி படுக்கையில் அந்த வாக்கியத்தைத் தயாரித்து வைத்திருந்தாள். டாக்டர், இதுக்கு ஒரு ஊசி போட்டு முடிச்சிருங்க. சத்தமில்லாமல், தெளிவாக, தீர்ப்பு வாசிக்கிற குரலில். தம்பி கையெழுத்துப் போட மாட்டான், அவள் போடுவாள். அந்த வாக்கியம் நாக்குக்கு அடியில் இன்னும் இருந்தது. எல்லாருக்கும் நல்லது. வாஃபிள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது, கயிறு இறுகியதாலோ என்னவோ. அவள் கயிற்றைத் தளர்த்தினாள். பிறகு தளர்த்தினதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வார்டில் கிடந்த அந்த நாட்களை நினைக்காமல் இருக்கத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் டெட்டால் வாடை எங்கே அடித்தாலும் அது வந்துவிடுகிறது. முதலில் வெறும் வயிற்றுப்போக்கு. அப்புறம் குளிர், பல் கிட்டிக்கொள்கிற குளிர், வைகாசி வெயிலில் இரண்டு போர்வை. முதல் மருந்து ஏறியது, ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது மருந்தைக் குழாய் வழியாக விட்டார்கள், காய்ச்சல் அதைச் சட்டையே செய்யவில்லை. கிருமி ரத்தத்துக்குள் போய்விட்டது என்றார்கள். அப்போதுதான் பெரிய டாக்டர் வந்து, "வீட்டுல நாய் கீய் வளர்க்கறீங்களா?" என்று கேட்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு கூட வந்த இன்னொரு டாக்டரிடம், "மூணாவது ஒண்ணு இருக்கு. அதுவும் கேக்கலைன்னா" என்றார். அவ்வளவுதான். வாக்கியத்தை முடிக்கவில்லை. சாட்சி பாதியில் நிறுத்தினால் பதிவில் ஒரு கோடு போடுவது வழக்கம். எத்தனை கோடு போட்டிருப்பாள், கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு அந்தக் கோட்டின் மேலேதான் படுத்துக் கிடந்தாள். ஆனால் சாவைவிட அவளை நடுங்க வைத்தது வேறொன்று. அந்த நாட்களில் அவளுக்கு யாரையும் இகழத் தோன்றவில்லை. எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். போர்வை மாற்ற வந்தவளிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். தரணியிடம், "நீ நல்ல புள்ளடா" என்றாள், அவன் அழுதுவிட்டான். ஒரு மத்தியானம் அந்த நாயைக்கூட, பாவம் அது என்ன பண்ணும், என்று நினைத்தாள். தனக்குள்ளே யாரோ சாமான்களை எல்லாம் காலிசெய்து, வீட்டைப் பெருக்கிவிட்டு, சாவியைக் கொடுக்கத் தயாராக நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்றாவது மருந்து கேட்டது. ஒரு காலையில் இந்துஜா ஒரு மூங்கில் கூடையில் பிளாஸ்டிக் பூவோடு வந்து, "சீக்கிரம் வாங்க அண்ணி, வாஃபிள் உங்கள ரொம்ப மிஸ் பண்றான்" என்றாள். பூங்கோதைக்கு அடிவயிற்றிலிருந்து பழைய இகழ்ச்சி சூடாக ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிழைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறுதியானது.

"வாஃபிள் உள்ள வரலாங்க."

டாக்டர் ஜெசிந்தா சின்னப் பெண். காதில் இரண்டு பாசிமணி. நாயைப் பார்த்ததும், "ஹலோ ஹேண்ட்சம்" என்றாள். பூங்கோதை அவளையும் தான் இகழ்கிறவர்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டாள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணின் குரல் மாறியது.

"போன வாரம் இவனோட மலத்த லேபுக்கு அனுப்பினோமுங்க. ரிசல்ட் வந்திருச்சு. சால்மோனெல்லா. உங்க ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் பாத்தேன், உங்க ரத்தத்துல வந்த அதே வகை. உங்களுக்கு எந்தெந்த மருந்து கேக்கலையோ, அதுக்கெல்லாம் இதுவும் அடங்கல. இவனுக்கு நோய் இல்லைங்க. குடல்ல கிருமிய வெச்சுக்கிட்டு நல்லா இருக்கான். ஆனா வெளியில விட்டுக்கிட்டே இருப்பான்."

"சரி, மருந்து குடுங்க."

"மருந்து கிடையாதுங்க."

"ஒண்ணு கேக்குதே. எனக்குப் போட்டாங்களே, மூணாவது."

"அத இவனுக்குப் போட மாட்டேங்க." அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "நோயே இல்லாத நாய்க்கு அதப் போட்டா, கிருமி அதையும் தாண்டக் கத்துக்கும். நாளைக்கு உங்களுக்கே திரும்ப வந்தா குடுக்கறதுக்குக் கையில ஒண்ணும் இருக்காது. நெறையப் பேரு வந்து கேக்கறாங்க, ஏதாவது மாத்திரை எழுதுங்கன்னு. மாத்திரை இல்லாமப் போனா அவங்களுக்கு ஏமாந்த மாதிரி இருக்குது."

பூங்கோதை மஞ்சள் உறைக்குள் விரல்களை மடக்கினாள். வெளியே குட்டைநாயோடு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரும் தானும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. ஏதாவது குடுங்க. நின்னுரும். அவள் வாயிலிருந்துதான் வந்தது, எச்சில்கூட விழுங்காமல். இகழ்வதற்கு அருகில் ஒருவரும் இல்லாமல், இருந்த ஒரே ஆள் அவளாகப் போனது அவளுக்குப் பிடிக்கவில்லை. உடனே, அவசரமாக, ராத்திரி தயாரித்து வைத்ததைச் சொன்னாள். "அப்ப ஒரு ஊசி போட்டு முடிச்சிருங்க." தீர்ப்பு வாசிக்கிற குரல் வரவில்லை, கிழிந்த குரல்தான் வந்தது.

டாக்டர் நாயின் பக்கம் கையை நீட்டினாள். "கிருமிய இவன் உண்டாக்கலைங்க. கோழியில வந்தது. கோழியப் போட்டது உங்க வீட்டுல. மருந்துக்கு அடங்காம வளர்த்ததும் மனுசங்கதான், கோழிப் பண்ணையிலயோ உங்க வீட்டுலயோ. இவன முடிச்சுட்டு நாளைக்கு வேறொண்ணு வாங்கிட்டு வந்து, அதுக்கும் பச்சைக்கறி போட்டா? பெரும்பாலும் இது தானாவே போயிரும். கொஞ்ச வாரம் ஆகலாம், மாசக்கணக்காவும் ஆகலாம். அதுவரைக்கும் வேகவெச்ச சாப்பாடு மட்டும். நக்க விடாதீங்க. கையுறை போட்டு எடுக்கணும், சோப்புப் போட்டுக் கழுவணும். திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். வீட்டுல யாரு பாத்துக்குவாங்க? உங்க தம்பிகிட்ட நான் பேசட்டுங்களா?"

டாக்டர் தன் போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைத் தட்டினாள். தரணி எடுத்தான், பின்னால் யாரோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனும் முதலில் மாத்திரைதான் கேட்டான். அப்புறம், அக்காவும் கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல், "அப்ப எங்கக்காவ ஒரு மூணு மாசம் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டா ரிஸ்க் இல்லைங்களே டாக்டர்?" என்றான்.

"நீங்க இருக்கறீங்க, உங்க மிஸஸ் இருக்காங்க. கிருமி அக்காவ மட்டும் தேடிப் பிடிக்காதுங்க."

அந்தப் பக்கம் ஆங்கிலம் நின்றது. அவன் எழுந்து வெளியே போயிருக்கவேண்டும். "எனக்கும் வருமுங்களா?" என்றான். சின்ன வயதில் இடி இடித்தால் அவள் பாயில் வந்து படுத்துக்கொண்டு கேட்பானே, அந்தக் குரல். இத்தனை நாள், அவள் குளிரில் பல் கடித்துக் கிடந்த அத்தனை நாளும், இந்தக் கேள்வி அவனுக்கு வரவில்லை. இப்போது வந்துவிட்டது. இவ்வளவு அற்பமா ஒரு மனிதன், என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றின வேகத்திலேயே, அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று இவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள், என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவள் போனை நோக்கிக் குனிந்தாள்.

"தரணி, அக்கா பேசறேன்."

"அக்கா?" என்றான்.

"நான் எங்கயும் போறதா இல்ல. நாயும் போகாது. ஃப்ரிட்ஜ்ல இருக்கற பச்சைக்கறி போகும். டிவி மேசையில இருக்கற மாத்திரையெல்லாம் போகும். மத்தியானம் வந்து நீயே உன் கையால எடுத்துப் போட்டு, உள்ள வெளிய எல்லாம் கழுவிக் குடு. எனக்கு நிக்க முடியல, நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கறேன்."

"சரிக்கா" என்றான். கொஞ்சம் கழித்து, "அக்கா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றான். அந்த வாக்கியத்தையும் அவள் கோர்ட்டில் ஏராளமாக எழுதியிருக்கிறாள்.

ஆட்டோவில் நாய் அவள் காலடியில் கிடந்தது. காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, ஆட்டோக்காரரைக் கோழி வாங்கி வரச் சொல்லி, நன்றாக வெந்து எலும்பிலிருந்து கழன்று விழும்வரை குக்கரில் விட்டு, அரிசியோடு பிசைந்து, நாய்க்கென்று ஒதுக்கின தட்டில் ஆறவைத்தாள். தரணி அதற்குள் வந்துவிட்டிருந்தான், அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் மண்டியிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, தட்டு ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். இந்துஜா மாடியிலிருந்து இறங்கவில்லை. பூங்கோதை தட்டைக் கொண்டுபோய் நாயின் முன்னால் வைத்தாள். அது முகர்ந்தது. மூக்கை ஒரு தரம் நக்கிக்கொண்டது. பிறகு தலையை மெல்ல நிமிர்த்தி, தட்டையும் அவளையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தது. இந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாருக்கும் அப்படி இகழ்ந்து பார்க்கத் தெரியாது. பூங்கோதை நாற்காலியை இழுத்து, அதன் வாய் எட்டாத தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். "அப்படியே கெட" என்றாள். "எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல."